எட்டாவது அளவு

எழுதத் துணிந்தமைக்குப் பொறுத்தருள வேண்டுகிறேன். குறுங்கோள் ஒன்று விண்மீனை எத்தனை நொடி மறைத்தது என்று பின்லாந்தின் எட்டு ஊர்களிலிருந்து வானியல் ஆர்வலர்கள் எழுதி அனுப்புவார்கள். அதன் உருவத்தை நான் கணிப்பேன். சென்ற ஆண்டு, ஓய்வுபெற்ற தபால்காரர் இல்போவின் அளவு மட்டும் நான் கணித்த வட்ட வடிவத்தில் பொருந்தவில்லை.

“உங்க கடிகாரம் தப்பு, இல்போ.”

“கடிகாரம் சரிதான், டாக்டரம்மா. அந்தக் கோளைப் பிடிச்சு அதட்டுங்க!”

நான் அவருடைய அளவை நீக்கிவிட்டேன். அவர் அதன்பின் எதையும் அனுப்பவில்லை, ஏழு மாதம் கழித்துப் பனிக்காலத்தில் இறந்தார். தொலைநோக்கியை மகள் விற்றுவிட்டாள்.

இந்த ஆண்டு அதே கோளுக்கு ஏழு அளவுகளே வரவேண்டும். இன்று காலை எட்டு இருந்தன. எட்டாவதன் அடியில், அவர் எப்போதும் எழுதும் வரி: “காபி ஆறிப்போச்சு.”

அதைச் சேர்த்தேன். கோள் முட்டை வடிவம் கொண்டது. நான் நீக்கிய பழைய அளவும் பிசகின்றிப் பொருந்தியது.

இழந்தவை: சரியான அளவு ஒன்று, நண்பர் ஒருவர், மன்னிப்புக் கேட்டிருக்கக்கூடிய ஏழு மாதங்கள்.