முதுகில் எழுதிய பெயர்

கவச உடைக்குள் யார் யாரென்று தெரியாததால் நர்ஸுகள் ஒருவர் முதுகில் ஒருவர் மார்க்கரால் பெயர் எழுதிக்கொண்ட தொற்றுக்காலம் அது. எழிலரசியின் முதுகில் எழுதியவள் பெனிட்டா. அவளுக்கு ழகரம் வாயிலும் வராது, கையிலும் வராது. 'எலி' என்று எழுதிவிட்டு, "எடம் இல்லடி, மிச்சத்த நாளைக்கு எழுதுறேன்" என்பாள். வார்டே எழிலரசியை எலி சிஸ்டர் என்றுதான் கூப்பிட்டது. யாரும் யாரையும் தொடாத அந்த மாதங்களில் அவள் உடம்பு அறிந்த ஒரே தொடுகை அந்த மார்க்கரின் முனை. பிறகு பெனிட்டாவும் அதே வார்டில் ஒரு கட்டிலுக்கு வந்தாள். எழுந்து போகவில்லை.

கவச உடைகளைக் குப்பையில் போட்டு வெகுகாலம் ஆகிவிட்டது. ஆனாலும் வேலைக்குக் கிளம்பும்போதெல்லாம் எழிலரசி சீருடையை மாட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து நிற்கிறாள். பஸ் போய்விடுகிறது. மருத்துவமனையில் கடைசி எச்சரிக்கையும் கொடுத்துவிட்டார்கள்.

"இன்னிக்கும் லேட்டானா வீட்டுக்கு அனுப்பிருவாங்க. உனக்கு என்னதான்டி வேணும்?" என்றான் கணவன் முத்துவேல்.

"முதுகுல என் பேர எழுதுங்க."

அவன் சிரிக்கவில்லை. ஆள்காட்டி விரலால் ஒவ்வொரு எழுத்தாக, ழகரத்தின் சுழியைக்கூட விடாமல் எழுதி முடித்தான். அவள் திரும்பவில்லை.

"ஏன், சரியாத்தானே எழுதுனேன்?"

"சரியாத்தாங்க எழுதுனீங்க" என்றாள் சுவரைப் பார்த்தபடியே. "தப்பா எழுதுங்க."