விதிப்படி ஒரு துண்டு

காரிலிருந்து இறங்கிய லவோனின் கையில் பிளாஸ்க் இல்லை.

ஊரின் தீயணைப்புத் தலைவர் ஆர்விட் அதைத்தான் முதலில் கவனித்தார். மாநிலத் தலைநகர் செயின்ட் பாலிலிருந்து மானியக் கண்காணிப்புக்கு வரும் பெண் அதிகாரி லவோன், அந்தச் சிவப்பு பிளாஸ்க் இல்லாமல் ஒரு வருடமும் வந்ததில்லை. மானியம் வாங்கிய ஊரில் ஒரு வாய் காப்பிகூடக் குடிக்கக்கூடாது என்பது அவர்களுடைய விதி.

அது தெரிந்தும் ஆர்விட் வருடா வருடம் ருபார்ப் என்னும் புளிப்புத் தண்டை மாவுக்குள் வைத்து இனிப்பு பை சுட்டு வைப்பார். மனைவி போன பிறகு அவர் கற்றுக்கொண்ட ஒரே சமையல் அது. தீயணைப்பு நிலையத்தின் நீள மேஜையில் அது ஆறிக்கொண்டிருக்கும். லவோன் ஒரு பார்வை பார்ப்பார். "நல்லாத்தான் இருக்கும் போல" என்பார். பிறகு வெளியே போய், பனியில் கார் பானட்டில் சாய்ந்துகொண்டு, வீட்டிலிருந்து கொண்டுவந்த சாண்ட்விச்சைத் தின்பார்.

"பிளாஸ்க்கூட எடுத்துட்டு வரல. மானியத்தக் கத்தரிச்சு விட்டுட்டு உடனே கிளம்பற மாதிரிதான் இருக்கு" என்று கிசுகிசுத்தாள் மார்லிஸ். பெட்ரோல் பங்க் நடத்துபவள். தீ என்றால் ஹோஸ் பிடிக்க முதலில் ஓடி வருபவள். "உங்க பை எனக்குத்தான், சீஃப்."

"வாய மூடிட்டு வாசல்ல பனிய வாரு."

மார்லிஸ் நகரவில்லை.

இரண்டு பேருடைய பயமும் வண்டியைப் பற்றியது. மானியத்தில் வாங்கிய தீயணைப்பு வண்டி. தீயை அணைக்கலாம், ஆளை மீட்கலாம், பயிற்சி எடுக்கலாம். வேறு எதற்காவது ஓட்டினால் மானியத்தைத் திருப்பிக் கட்ட வேண்டும். ஊரையே விற்றாலும் அவ்வளவு தேறாது. வண்டி போய்விடும்.

ஓட்டியிருந்தார்கள்.

போன வாரம், பள்ளிக்குப் பின்னால் பிள்ளைகள் சறுக்கி விளையாடும் ஐஸ் தளத்துக்குப் புது ஐஸ் உறையத் தண்ணீர் பாய்ச்ச. பழைய வண்டி அதிகம் ஓடியதே அந்த வேலைக்குத்தான். கைப்பழக்கம். சாவியைத் திருப்பியபோது ஒருவருக்கும் விதி ஞாபகம் வரவில்லை.

லவோனுடன் கர்ட்டிஸ் என்று ஒருவர் வந்திருந்தார். அலுவலகத்துக்குப் புதியவராம். கேள்விகளை எல்லாம் அவரே கேட்டார். பழக விட்டிருக்கிறார் போல என்று நினைத்த ஆர்விட், பதில்களை மட்டும் லவோனிடமே சொன்னார்.

லவோன் வாயே திறக்கவில்லை. போன வருடம் ஓர் ஏணியில் மானிய ஸ்டிக்கர் ஒட்டவில்லை என்று அரை நாள் நிற்க வைத்தவர். இன்று சுவரில் மாட்டியிருந்த பழைய படங்களைப் பார்த்துக்கொண்டே நடந்தார். ஜன்னலோரம் வாடிக் கிடந்த செடிக்குத் தண்ணீர் ஊற்றினார்.

இந்த அமைதி நல்லதற்கில்லை என்று ஆர்விட்டுக்குத் தோன்றியது.

"ஹோஸைக் கொஞ்சம் இறக்கிக் காட்டுங்க" என்றார் கர்ட்டிஸ்.

மார்லிஸ் இழுத்தாள். மடிப்பிலிருந்து கறுப்பாக ஏதோ விழுந்து, சிமெண்ட் தரையில் உருண்டு, லவோனின் பூட்ஸில் முட்டி நின்றது.

ஐஸ் ஹாக்கி வட்டு.

லவோன் குனிந்து எடுத்தார். திருப்பிப் பார்த்தார். கோட்டு பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

ஆதாரம், என்று நினைத்தார் ஆர்விட். இனி மறைத்துப் பயனில்லை.

"ஐஸ் தளத்துக்குத் தண்ணி அடிச்சோம். வண்டிய ஓட்டினது நான்தான்."

லவோனைப் பார்த்துத்தான் சொன்னார். லவோன் கர்ட்டிஸைப் பார்த்தார்.

"அந்தக் குளிர்லயா?" என்றார் கர்ட்டிஸ். "பம்ப் உறையலையா?"

"உறைஞ்சுது. மார்லிஸ்தான் சரிபண்ணா. எப்படின்னு எல்லாருக்கும் காட்டியும் கொடுத்தா."

கர்ட்டிஸ் பேனா முனையைக் கொஞ்ச நேரம் கடித்தார்.

"அப்ப அது குளிர்காலப் பயிற்சி. விதியில அதுக்கு இடம் இருக்கு. ஆனா முன்கூட்டியே எங்களுக்குச் சொல்லணும். சொல்லலைன்னு கண்டிச்சு எழுதறேன். இன்னொரு தடவை நடந்தா வண்டியக் கேப்பேன்." எழுதிவிட்டு நிமிர்ந்தார். "ஐஸ் எப்படி வந்துச்சு?"

"கண்ணாடி" என்றாள் மார்லிஸ்.

கர்ட்டிஸ் தலையாட்டிவிட்டு வெளியே போனார்.

வண்டி தப்பித்தது. ஆர்விட்டால் இன்னும் நம்ப முடியவில்லை. "நீங்க ஒண்ணும் சொல்லலையே?"

லவோன் கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டினார். உட்கார்ந்தார். பை இருந்த தட்டைத் தன் பக்கம் இழுத்தார்.

ஆர்விட் பதறிவிட்டார். "லவோன், விதி."

"அது அவருக்கு."

ஜன்னலுக்கு வெளியே கர்ட்டிஸ் கார் பானட்டில் சாய்ந்து சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் அதே சிவப்பு பிளாஸ்க்.

"இன்னொரு விதியும் இருக்கு" என்றார் லவோன். "எந்த ஊர்ப் பக்கம் மனசு சாயுதோ, அந்த ஊர நாங்க பாக்கக்கூடாது. எழுதிக் கொடுத்துட்டு வேற ஆள விடணும். போன மாசமே கொடுத்துட்டேன். இன்னைக்கு நான் லீவு."

வட்டை எடுத்து மேஜையில் வைத்தார். மார்லிஸ் ஊற்றிக் கொடுத்த காப்பியை அதன்மேல் வைத்தார்.

"பெருசா வெட்டுங்க, ஆர்விட்."

கத்தியைப் பிடித்தபடி ஆர்விட் ஜன்னல் வழியே ஊரைப் பார்த்தார். ஒரு தானியக் கிடங்கு. ஒரு தேவாலயம். ஒரு பெட்ரோல் பங்க். மனசு சாயும்படி அதில் என்ன இருக்கிறது என்று அவருக்கு விளங்கவில்லை.

மார்லிஸுக்கு விளங்கியது. யாரும் சொல்லாமலே பனி வார வெளியே போனாள்.