மூன்றாம் லயம், பதினோராம் வீடு

ஈப்போவில் ஒரு காவல் நிலையம். ஏர்கோன் ஒரே சீராக இரைகிறது. தனபாக்கியம் கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, புகாரின் நகல் கேட்கும் படிவத்தில் 'எதற்காக' என்ற கட்டத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். மற்றவர்கள் இன்சூரன்ஸ், கோர்ட் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். இவள் என்னத்தை எழுதுவது? வெறுமையாகவே நீட்டுகிறாள். கண்ணாடிக்குப் பின்னாலிருக்கும் காவலர் புனிதா, தனபாக்கியம் தன் தம்பி லோகநாதனைக் காணவில்லை என்று இருபது வருஷத்துக்கு முன் கொடுத்த புகாரை அச்செடுத்துத் தருகிறாள். தாளில் இன்னும் சூடு இருக்கிறது. தனபாக்கியத்தின் விரல் மலாய் வரிகளில் ஊர்ந்துபோய், பழைய எஸ்டேட் லயத்து வீட்டு முகவரியில் நிற்கிறது. "இத மாத்தணும்மா. லயத்தயெல்லாம் இடிச்சு, புது வீடுங்களா தாமான் கட்டிட்டாங்க. அவன் கெடச்சா, நீங்க அங்கதானே கொண்டுபோய் விடுவீங்க?" புனிதா விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறாள். "பழசுல மாத்த முடியாதுக்கா. புதுசா ஒன்னு போடலாம்லா. இப்ப எங்க இருக்கீங்க?" "பிளாட்டுல. ஆறாவது மாடி. தனியாத்தான்." புனிதா தட்டச்சு செய்யும் சத்தம் கேட்கிறது. தனபாக்கியம் கண்ணாடியை இன்னும் நெருங்கிக் குரலைத் தாழ்த்துகிறாள். "லிப்ட் ஓடலன்னா, படி பின்பக்கம் இருக்குன்னும் எழுதிடும்மா." தட்டச்சுச் சத்தம் நின்றுவிடுகிறது.