நீல நூல்

ரெஜிஸ் முள்கரண்டியைக் கையில் எடுத்தான். சில்வெட் அவன் முகத்தையே பார்த்தாள்.

எல்லோர் தட்டிலும் ஒரே பதார்த்தம். கொழுப்புச் சவ்வில் பொதிந்து, நூலால் குறுக்கும் நெடுக்கும் கட்டி, சிவப்பு ஒயினில் வேகவைத்த மாட்டிறைச்சி உருண்டை.

இன்ஸ்பெக்டர் தெலூக் துப்பறியும் கதைகளில் வரும் சமையலையெல்லாம் திரட்டிப் போட்டிருந்த புத்தகத்தில் உள்ளது அது. தெலூக் கற்பனை மனிதர்தான். ஆனால் அவர் துப்பறிவதெல்லாம் பிரான்சின் பெரிகோர் பக்கத்துக் காடுகளில் என்பதால், இந்த ஊருக்கு அவர் சொந்தக்காரர் மாதிரி. வருஷா வருஷம் குளிர்காலம் தொடங்கும்போது யாராவது ஒருவர் அந்தப் புத்தகத்தைப் பார்த்துச் சமைக்க, மற்றவர்கள் ஊர்க் கூடத்தில் உட்கார்ந்து மதியம் முழுக்கச் சாப்பிடுவார்கள்.

இந்த முறை நான் சமைக்கிறேன் என்று சில்வெட்தான் கேட்டு வாங்கினாள்.

தெலூக் யாரையும் அதட்டுவதில்லை. சமைத்துப் போட்டுவிட்டு, யார் சாப்பிடவில்லை என்று பார்ப்பார். அவ்வளவுதான்.

புத்தகத்தில் வெள்ளை நூல் என்று இருந்தது. அவள் நீல நூல் கட்டியிருந்தாள். தக்காளிச் செடிக்குக் கட்டுகிற நைலான் நூல், எல்லார் வீட்டிலும் கிடப்பது.

அவளுடைய நாய் ஃபிலூ செத்துக் கிடந்த ஓக் மரத்தடியில், அது தின்றது போக மிஞ்சிய ஓர் இறைச்சி உருண்டை புல்லுக்குள் கிடந்தது. உள்ளே நத்தைக்கு வைக்கும் விஷம். அது சிந்தாமல் இருக்க மேலே நீல நூல்.

ஃபிலூ விஷத்தில் செத்தது ஊருக்கே தெரியும்; அந்த நூலை மட்டும் அவள் யாரிடமும் சொல்லவில்லை. கால்நடை மருத்துவரிடம் இல்லை, போலீஸிடம் இல்லை, வீட்டிலும் இல்லை. இறைச்சியின் மேல் நீல நூலைப் பார்த்தால் உலகத்தில் ஒரே ஒருவனுக்குத்தான் தொண்டை அடைக்கும்.

அந்த ஒருவன் பக்கத்துத் தோப்பு ரெஜிஸ். அவளுக்குச் சந்தேகமே இல்லை. மண்ணுக்குள் ஒளிந்திருக்கும், பொன் விலைக்குப் போகும் கருங்காளானை மோப்பம் பிடிப்பதில் ஃபிலூவை மிஞ்ச நாயே கிடையாது. ரெஜிஸின் நாய்கள் ஒன்றும் கிடைக்காமல் திரும்பும்போதெல்லாம் ஃபிலூ வாலை ஆட்டிக்கொண்டு மண்ணைக் கிளறும். எத்தனை வருஷத்து வயிற்றெரிச்சல். ஃபிலூவைப் புதைத்த அன்று வேலியோரம் நின்று, "விஷம் வெச்சவன் மட்டும் என் கையில கிடைக்கட்டும், உயிரோட தோலை உரிச்சிடறேன்" என்று கத்தினானே, அந்த நடிப்பைத்தான் அவளால் மன்னிக்கவே முடியவில்லை.

ரெஜிஸ் உருண்டையைப் புரட்டிப் பார்த்தான். நூலைச் சுண்டினான்.

"என்ன சில்வெட், நீல நூலா? தெலூக் பார்த்தா முதல்ல உன்னைத்தான் பிடிச்சு உள்ள வைப்பாரு!"

மேசையே சிரித்தது. அவன் நூலை அறுத்து ஓரமாகப் போட்டுவிட்டு, பாதி உருண்டையை வாயில் திணித்துக்கொண்டான். கண்ணை மூடி மென்றான். மீதியையும் விழுங்கிவிட்டு, இன்னொன்று இருக்கிறதா என்று கேட்டான்.

சில்வெட் கத்தியைக் கீழே வைத்தாள். இரண்டு மாதமாக ஊட்டி வளர்த்த ஆத்திரம் போக்கிடமில்லாமல் நின்றது.

அப்போதுதான் பக்கத்து நாற்காலியிலிருந்து குரல் வந்தது.

"எனக்குப் பசியில்ல."

மார்சியல். அவள் புருஷன். எந்த விருந்திலும் முதலில் தட்டைக் காலி செய்கிறவன்.

அவன் இரண்டு கையையும் மேசைக்கடியில் வைத்திருந்தான். கண் நூலை விட்டு நகரவில்லை.

வசந்தத்தில் அவன் ருவாயான் கடற்கரையில் ஒரு வீட்டின் படத்தைக் காட்டினான். கருங்காளான் விளையும் இந்த ஓக் தோப்பை விற்றுவிட்டு அங்கே போய்விடலாம் என்றான். "ஃபிலூ உயிரோட இருக்கற வரைக்கும் நான் இங்கிருந்து அசைய மாட்டேன்" என்று அவள்தான் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

ஃபிலூவுக்குக் குழி வெட்டியவன் அவன். அழுதவனும் அவன். அதற்கப்புறம் இரண்டு தடவை கடலைப் பற்றிப் பேசினான். ஆறுதலுக்குச் சொல்கிறான் என்று அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

சில்வெட் அவன் காதருகே குனிந்தாள்.

"சாப்பிடு, மார்சியல். இல்லேன்னா ஏன் சாப்பிடலைன்னு ரெஜிஸ் கேப்பான். நான் சொல்லவேண்டியிருக்கும்."

அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று அவனுக்கும் தெரிந்துவிட்டது. எதிரே ரெஜிஸ் அகலமான கைகளை ஊன்றி, யாருடைய நாயைப் பற்றியோ உரக்கப் பேசிக்கொண்டிருந்தான்.

மார்சியல் நூலை அறுத்தான். சின்னத் துண்டாக வெட்டி வாயில் வைத்தான். மெல்லாமல் விழுங்கினான். அடுத்தது. அதற்கடுத்தது. நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது. சில்வெட் ஒவ்வொரு துண்டும் தொண்டையில் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுல... ஏதாவது போட்டியா?" உதடு அசையாமல் கேட்டான்.

"சாயங்காலத்துக்குள்ள தெரிஞ்சிடும்."

உருண்டையில் இறைச்சியும் வெங்காயமும் பூண்டும் தவிர வேறு ஒன்றும் இல்லை. அதை அவள் சொல்லவில்லை. நாளைக்கும் சொல்வதாக இல்லை. நாளைக்கும் வீட்டில் அவள்தான் சமைப்பாள்.

ரொட்டிக் கூடையை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"சாஸை விட்டுடாத. நல்லா துடைச்சுச் சாப்பிடு."