திருநீறு பட்ட குப்பி

மருந்தகத்தின் ஒளிக்கருவி குப்பியைத் திறப்பதில்லை. கண்ணாடி வழியே ஒளியைச் செலுத்தி, திரும்பி வரும் சாயலை அசல் மருந்தின் சாயலோடு ஒப்பிடும். பச்சை எரிந்தால் அசல், சிவப்பு எரிந்தால் போலி. ஏமாற்றுகிறவர்களுக்கு இரண்டாம் வாய்ப்பு கிடைக்கக் கூடாது அல்லவா? அதனால் சிவப்பான குப்பியை அது மறுபடி பார்க்காது. அதே பேட்சில் வந்த எல்லாக் குப்பிகளையும் மருத்துவமனை முழுவதும் பூட்டிவிடும்.

மருந்தகத்தில் பச்சை காட்டிய குப்பியை, வழியிலிருந்த பிள்ளையார் காலடியில் வைத்து, திருநீறு பூசி எடுத்துவந்தாள் சொர்ணவல்லி. கணவன் கதிரேசனின் கட்டிலருகே இருந்த அதே மாதிரிக் கருவி சிவப்பு காட்டியது.

"என்னத்தம்மா பூசியிருக்கீங்க இதுல?" நர்ஸ் ஜெசிந்தா பதறினாள்.

"நல்லாகணும்னுதான் சிஸ்டர்... தொடச்சுக் குடுத்துடறேன்."

"தொடச்சா மட்டும்? அது இனிமே பாக்காதும்மா!"

வேறு பேட்சில் ஒரே ஒரு குப்பிதான் இருந்தது. ஜெசிந்தா ஓடிப்போய் எடுத்துவந்தாள். பச்சை. மருந்து இறங்க இறங்கக் கதிரேசனின் மூச்சு சீரானது.

சொர்ணவல்லியால் உட்கார முடியவில்லை. பக்கத்துக் கட்டிலில் பௌசியாவின் அப்பாவுக்கும் அதே மருந்துதான். அவருடைய குப்பி இப்போது பூட்டிக் கிடந்தது. புதியது வெளியூரிலிருந்து வர வேண்டும்.

டீ வாங்கப் போயிருந்த பௌசியா, செய்தி கேட்டு ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்க வீட்டுக்காரருக்காவது கெடச்சுதேக்கா. எந்தப் பாவியோ போலி மருந்த உள்ள விட்டிருக்கான். அவன் வெளங்குவானா, நீங்களே சொல்லுங்க!"