வாசல்தோறும் வேப்பிலை

கெடார் கிராமத்தின் ஒரு தெருவில் பதினெட்டு வாசல்களிலும் வேப்பிலை தொங்குவதைக் கண்ட கிராமச் செவிலியர் கலைப்பிரியாவின் நெஞ்சு பதறியது. பக்கத்து ஊரில் பரவிய தட்டம்மை இங்கும் வந்து தெருவையே பீடித்துவிட்டதோ?

"எத்தனை பிள்ளைங்களுக்கு அம்மை, அக்கா?"

"ஒருத்தருக்கும் இல்ல நர்சம்மா" என்றாள் முதல் வீட்டு வாசலில் நின்ற அம்சா. "எல்லாம் நீங்க ஊசி போட்ட பிள்ளைங்க."

"மறைக்காதீங்க அக்கா. அப்புறம் எதுக்கு வேப்பிலை?"

அம்சா தெருக்கோடி வீட்டைச் சுட்டினாள். "செங்கல் சூளைக்கு வந்தவங்க குழந்தை. ஆறு மாசந்தான் ஆவுது. ஒம்பது மாசம் ஆனாதான் ஊசின்னு நீங்கதானே சொன்னீங்க? நாளைக்கு இங்க தேரு. அம்மை வந்த பக்கத்து ஊர் சொந்தக்காரங்கல்லாம் பிள்ளைங்களக் கூட்டிக்கினு வந்துருவாங்க. வராதேன்னா கோச்சிக்குவாங்க. அம்மை வீட்டுக்குள்ள மட்டும் எவனும் நுழைய மாட்டான்."

"ஆத்தா பேரால பொய்யா?"

"குழந்தைக்காகத்தானே? ஆத்தா கோச்சிக்க மாட்டா."

கலைப்பிரியா அந்தப் பதினெட்டு வாசல்களையும் மறுபடி பார்த்தாள். ஒரு குழந்தைக்காகத் தெருவே விருந்தினரைத் துறந்திருக்கிறது.

"அவங்க உங்களுக்கு என்ன உறவு அக்கா?"

"உறவா? வடக்கேர்ந்து வந்து ஒரு மாசம் ஆவல. அவங்க பேசறதே எங்களுக்குப் புரியாது நர்சம்மா."

கலைப்பிரியாவின் கைகள் தாமாகவே குவிந்தன.