விருந்தாளிக்கு ஒரு திருப்பம்

"எனக்கு என்ன வேஷம்டி குடுக்கப் போற?" என்று அக்கா வந்த புதிதில் கேட்டாள்.

விருந்தாளி வேஷம் என்றாள் தங்கை. அப்போது அதில் எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை.

போனில் ஒரு குழுவாகச் சேர்ந்து எழுதும் கதை அது. மலைமேல் ஒரு விடுதி. ஒருவர் சமையல்காரர், ஒருவர் டிரைவர், ஒருவர் காது கேட்காத காவல்காரர். யாரும் யாரையும் நேரில் பார்த்ததில்லை. கதையைத் திட்டமிடுவது தங்கை. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள் என்று தெரியாததால் எல்லாரும் அவளை மேடம் என்றார்கள்.

அங்கே ஒரு விதி. இன்று என்ன நடக்கிறது என்பதை மட்டும் மேடம் சொல்வாள். மழை வரும், பாலம் உடையும், சமையல்கட்டில் பாம்பு புகும். அதற்கு என்ன செய்வதென்று அந்தந்த வேஷக்காரர்தான் எழுத வேண்டும். அடுத்தவருடைய ஆளை நகர்த்தக் கூடாது.

அக்காவின் விருந்தாளி சாம்பாரில் உப்பில்லை என்று சண்டை போட்டாள். காவல்காரரிடம் கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொண்டாள். புருஷன் வீட்டிலிருந்து கையில் கட்டோடு வந்தவள், அதையெல்லாம் எழுதும்போதுதான் சிரித்தாள்.

இன்று சாயங்காலம் இருவரும் ஆளுக்கொரு சுவரில் சாய்ந்திருந்தார்கள். தங்கை இன்றைய நிகழ்ச்சியை அனுப்பினாள்.

'விடுதியில் இடம் போதவில்லை. முகத்துக்கு நேரே சொல்லத் தயங்குகிறார்கள். விருந்தாளிக்கு அது புரிகிறது.'

விரல் தடுமாறவில்லை. நன்றாக வந்திருக்கிறது என்றுகூட நினைத்தாள்.

எதிர்ச் சுவரில் அக்காவின் போன் அதிர்ந்தது.

சமையல்காரர் முந்திக்கொண்டார். 'அப்பாடா! அந்தம்மா பெட்டியக் கட்டவே மாட்டாங்களோன்னு நெனச்சேன்!' டிரைவர் வண்டியை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். காவல்காரர் கேட்டைத் திறந்துவைத்தார். வரிசையாகச் சிரிப்புப் படங்கள்.

'விருந்தாளி எங்க? உங்க முறைங்க.'

அக்கா படித்தாள். மேலே தள்ளி, மறுபடியும் படித்தாள்.

சும்மா கதைதான் அக்கா என்று சொன்னால் போதும். நம்பாவிட்டாலும் நம்பியதுபோல் இருந்திருப்பாள். கையில் அந்தக் கட்டைப் போட வைத்த புருஷன் வீட்டைத் தவிர அவளுக்குப் போக வேறு இடமில்லை.

தங்கை தலையைத் தூக்கவில்லை. 'பாலம்' என்று தட்டினாள். உடைந்தால் யாரும் கிளம்ப முடியாது.

அழித்தாள்.

அக்கா எழுந்து படுக்கையறைக்குப் போனாள். பீரோ திறக்கும் சத்தம்.

தங்கை எட்டிப் பார்த்தாள்.

ஜன்னலோரக் கட்டிலில் அக்கா புது விரிப்பை விரித்து, ஓரங்களை மெத்தைக்கடியில் செருகிக்கொண்டிருந்தாள். அவள் வருவதற்கு முன்பு அது தங்கையின் கட்டில்.

தரையில் பாயோடு கிடந்த தங்கையின் தலையணையை எடுத்தாள். தட்டி, உறை மாற்றி, கட்டிலின் தலைமாட்டில் வைத்தாள். பாயைச் சுருட்டி மூலையில் நிறுத்தினாள்.

பிறகு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அடுப்படியில் இருந்த அம்மாவுக்குக் கேட்காதபடி செருப்பைக் கையில் எடுத்து, தங்கையைத் தாண்டி வெளியே போனாள்.